பெட்டி கட்டும் முன் மெயிலைப் பாருங்கள்: தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து இங்கிலாந்து வருபவர்களுக்கு

செப்டம்பரிலும் ஜனவரியிலும் நம்ம பக்கத்துப் பிள்ளைகள் பெங்களூரில் விமானம் ஏறி இங்கே வந்து இறங்குகிறார்கள். வருவதற்கு முன்னால் கேட்பதெல்லாம் ஒரே கேள்விகள்தான். குக்கர் கொண்டு வரலாமா, ராகி மாவை விடுவார்களா, ஸ்வெட்டர் எத்தனை வேண்டும். மெயிலைப் பற்றி ஒருத்தரும் கேட்பதில்லை.

அரசாங்க வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதெல்லாம் எங்கு தேடினாலும் கிடைக்கும். முன்பு கையில் கொடுத்த பிஆர்பி என்ற தங்கும் அனுமதி அட்டை 2024 டிசம்பர் 31-உடன் காலாவதியானது. இப்போது ஆன்லைனில் மட்டும் இருக்கும் இ-விசாதான். அதைப் பார்க்க யுகேவிஐ, அதாவது இந்த நாட்டு விசா துறையின் இணையதளத்தில் கணக்கு வேண்டும். வேலைக்கும் வரிக்கும் வேண்டிய நேஷனல் இன்ஷூரன்ஸ் நம்பருக்கு ஆன்லைனில் விண்ணப்பியுங்கள். வீட்டுக்குப் பக்கத்து ஜிபி-யிடம் (குடும்ப டாக்டர்) பதிவு செய்யுங்கள், காசு கிடையாது. முழுநேர மாணவர்கள் கல்லூரிக் கடிதத்தைக் காட்டி கவுன்சில் டாக்ஸ் என்ற உள்ளாட்சி வரியிலிருந்து விலக்கு வாங்குங்கள். அப்புறம் பேங்க் கணக்கு. எந்தப் படிவத்தைத் திறந்தாலும் முதலில் கேட்பது மெயில் ஐடி. அந்த மெயில் உண்மையில் உங்களுடையதுதானா?

சிரிக்காதீர்கள். பாலக்கோடு பக்கத்து நண்பன் ஒருவன். இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு விண்ணப்பிக்கும்போது தர்மபுரியில் ஒரு பிரவுசிங் சென்டரில் அவனுக்கு மெயில் ஐடி போட்டுக் கொடுத்தார்கள். நம்ம ஊரில் நிறையப் பேருடைய மெயில் அப்படிப் பிறந்ததுதான்: பெயர், பிறந்த வருஷம், துண்டுச் சீட்டில் பாஸ்வேர்ட். கூகுள் மொபைல் நம்பர் கேட்கும் இடத்தில் கடைக்காரர் தன் நம்பரைத் தட்டிவிட்டார். பின்னால் அத்தனை பேர் வரிசையில் நிற்கும்போது ஓடிபி-க்காக ஒவ்வொரு பையனுடைய அப்பாவுக்கும் போன் போட்டுக்கொண்டிருக்க முடியுமா? நியாயம்தான். ஆனாலும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

போன் மாறாதவரை ஒரு தொல்லையும் இல்லை. இங்கே வந்த பிறகு போன் கீழே விழுந்து உடைந்தது, புதுசு வாங்கினான். புது போன், புது நாடு. பாஸ்வேர்டைச் சரியாகப் போட்டும் கூகுள் நம்பவில்லை. ரெக்கவரி நம்பருக்குக் கோடு அனுப்புகிறேன் என்று கடைசி இரண்டு எண்ணைக் காட்டியது. அது அவன் நம்பரே இல்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு கிடங்கில் பகுதிநேர வேலை கிடைத்து ஷேர் கோடு கேட்டார்கள். இந்த நாட்டில் வேலையில் சேருவதற்கு முன்பே முதலாளி ஷேர் கோடு என்ற குறியீட்டை வைத்து உங்கள் வேலை செய்யும் உரிமையைச் சரிபார்த்தாக வேண்டும். அதை எடுக்க யுகேவிஐ கணக்குக்குள் போகணும். உள்ளே போக மெயிலுக்கோ போனுக்கோ ஒரு கோடு வரும். மெயில் திறக்கவில்லை. போன் நம்பரோ ரீசார்ஜ் செய்யாமல் விட்ட ஊர் சிம்.

அவன் அப்பா பஸ் ஏறி தர்மபுரி போனார். பிரவுசிங் சென்டர் இருந்த இடத்தில் மொபைல் கவர் விற்கிறார்கள். டீக்கடையில் விசாரித்துப் பழைய ஓனரைப் பிடித்தால், “ஐயா, அந்த நம்பரை விட்டு எத்தனையோ வருஷம் ஆச்சுங்க. இப்ப யாரு வெச்சிருக்காங்களோ” என்கிறார். கூப்பிட்டுப் பார்த்தார்கள். ஓசூரில் வேலை செய்யும் வடமாநிலத் தம்பி ஒருவர் எடுத்தார். முன்பின் தெரியாத ஆள் ஓடிபி கேட்டால் என்ன செய்வார்? டக்கென்று வைத்துவிட்டார். விவரமான பிள்ளை!

கடைசியில் விசா துறைக்கே எழுதி மெயிலையும் நம்பரையும் மாற்றி உள்ளே போனான். அதற்குள் வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

ஆகவே ஊரில் இருக்கும்போதே கூகுள் கணக்கில் செக்யூரிட்டி பக்கத்தைத் திறந்து, ரெக்கவரி நம்பர் யாருடையது என்று பாருங்கள். கடைக்காரர், ஏஜென்ட், மாமா பையன் யாராக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். பாஸ்வேர்டோடு இன்னொரு கோடும் கேட்கும் டூ-ஸ்டெப் போட்டு, அந்தக் கோடை போனிலேயே காட்டும் அத்தன்டிகேட்டர் ஆப் வையுங்கள். பேக்கப் கோடுகள் பத்து கொடுப்பார்கள், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒரு தடவைதான் செல்லும். இரண்டு பிரதி அச்சடித்து ஒன்றை பாஸ்போர்ட் பையிலும் இன்னொன்றை வீட்டு பீரோவில் பட்டா, சிட்டாவோடும் வையுங்கள். இங்கே சிம் வாங்கியதும் கூகுளிலும் யுகேவிஐ-யிலும் நம்பரை மாற்றுங்கள், இரண்டிலும். விண்ணப்பத்தை ஏஜென்ட் போட்டிருந்தால் அவர் எந்த மெயிலைக் கொடுத்தார் என்று கேட்டு வாங்கி, பாஸ்வேர்டை மாற்றி, ஃபார்வர்டிங் செட்டிங்கையும் ஒரு பார்வை பாருங்கள். உங்கள் கடிதத்தின் நகல் அவருக்கும் போய்க்கொண்டிருக்கலாம்.

ஊர் சிம்மைச் சாக விடாதீர்கள். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லையென்றால் கம்பெனி இணைப்பைத் துண்டிக்கலாம், பிறகு அந்த நம்பர் வேறொருவர் கைக்குப் போகும். ரோமிங்கைக் கிளம்பும் முன்பே ஆன் செய்துவிடுங்கள். இங்கே வந்து கஸ்டமர் கேருக்குப் போன் போடுவது பெரும்பாடு.

சரி, எத்தனை மெயில் வைத்துக்கொள்வது? மூன்று போதும் என்பது என் கட்சி. ஒன்று விசா, பேங்க், வரி இவற்றுக்கு மட்டும், அதை நண்பனுக்குக்கூடக் கொடுக்க வேண்டாம். ஒன்று வேலைக்கு விண்ணப்பிக்க. மூன்றாவது கடைக் கூப்பன், பீட்சா தள்ளுபடி எல்லாவற்றுக்கும். கல்லூரி தரும் மெயில் கல்லூரிக்கு மட்டும். படிப்பு முடிந்ததும் அதை மூடிவிடக்கூடும், அதில் பேங்கைக் கோத்தவர்கள் தவிக்கிறார்கள்.

ஊர் பேங்க், எல்ஐசி, வருமான வரி எல்லாம் பழைய ஐடியிலேயே இருந்தால் அதை முதல் மெயிலுக்கு ஃபார்வர்ட் செய்யலாம். ஆனால் ஜிமெயில் ஸ்பாமில் விழுந்ததை ஃபார்வர்ட் செய்யாது. மாதம் ஒரு தடவை பழைய ஐடிக்குள் போய் ஸ்பாமைக் கிளறுங்கள். இரண்டு வருஷம் தொடாத கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம் என்பதற்கும் அதுவே மருந்து.

எல்லா ஐடியையும் ஒரே ஆப்பில் சேர்த்து மொத்த இன்பாக்ஸையும் ஒன்றாகப் பார்ப்பது வசதிதான். அனுப்பும் முன் மேலே எந்த ஐடி இருக்கிறது என்று பாருங்கள். ஊத்தங்கரைத் தம்பி ஒருவன் பேராசிரியருக்கு அவகாசம் கேட்டு உருக்கமாக எழுதிவிட்டு, தலவெறியன் என்று தொடங்கும் பள்ளிக்கால ஐடியிலிருந்து அனுப்பிவைத்தான். அவகாசம் கிடைத்தது, அது வேறு விஷயம்.

இன்னொன்று, ஒரு கூகுள் கணக்குக்கு இலவச இடம் 15 ஜிபி. மெயில், டிரைவ், போட்டோ எல்லாம் அதற்குள். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் அதில்தான் சேர்கிறது. மாங்காய் சீசனில் தோப்பிலிருந்து அப்பா அனுப்பும் வீடியோவும் திருவிழா வீடியோவும் சேர்ந்து இடத்தை நிரப்பிவிட்டால் வரவேண்டிய மெயில் திரும்பிப் போய்விடும், இன்டர்வியூ கடிதமாக இருந்தாலும்தான். வீடியோவை அழிக்க மனசு வராது, எனக்கும் வராது. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் சாட்ஸ், சாட் பேக்கப் போய், கூகுள் அக்கவுன்டை அந்த மூன்றாவது ஐடிக்கு மாற்றிவிடுங்கள்.