ஐரோப்பாவில் குறைந்த செலவில் படிக்க: முதல் வருடப் பணக் கணக்கு

கட்டணமே இல்லாத நாடு எது என்று தேடுவதில் பெரிய பலன் இல்லை. விமானம் ஏறும் முன் கையில் எவ்வளவு இருக்க வேண்டும், அதில் எவ்வளவு நம் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் திரும்பி வரும், எவ்வளவு போனால் போனதுதான் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நாடுகளின் வரிசையே மாறிவிடும்.

பழைய பட்டியல்களை முதலில் ஒதுக்குங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களுக்கு ஸ்வீடன் 2011-இலும் நார்வே 2023-இலும் கட்டணம் கொண்டுவந்துவிட்டன. "நார்வே இலவசம்" என்று இன்னமும் சொல்லும் ஏஜென்ட் மற்ற விஷயங்களில் சொல்வதையும் ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள்.

ஜெர்மனி

அரசுப் பல்கலைக்கழகங்களில் இளநிலைக்கும், அதே துறையில் தொடரும் முதுநிலைக்கும் பெரும்பாலும் கட்டணம் கிடையாது. செமஸ்டருக்குச் சுமார் 100 முதல் 400 யூரோ வரை பங்களிப்புத் தொகை மட்டும். பல ஊர்களில் பஸ், ரயில் பாஸும் அதிலேயே அடக்கம். விதிவிலக்குகளும் உண்டு. பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து முதுநிலைக்கு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை ஆகிறது. வேலை அனுபவம் கேட்கும் முதுநிலைப் படிப்புகளுக்கும் தனியார் கல்லூரிகளுக்கும் தனியாகக் கட்டணம் உண்டு. ஏஜென்ட் காசு வாங்காமல் வழிகாட்டினால், கைகாட்டும் இடம் பெரும்பாலும் தனியார் கல்லூரிதான். கமிஷன் அங்கே இருக்கிறது.

விசாவுக்கு 11,904 யூரோவை பிளாக்டு அக்கவுன்ட்டில் (மாதம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று பூட்டிவைத்த வங்கிக் கணக்கு) போட வேண்டும். இது செலவல்ல, அங்கே போனபின் மாதம் 992 யூரோவாக உங்களுக்கே வரும். ஆனால் மொத்தத்தையும் முன்கூட்டியே புரட்ட வேண்டும், பலர் தடுமாறுவது இங்கேதான். மியூனிக்கில் 992 யூரோ இழுபறி. மக்டபூர்க், ஹாலே போன்ற ஊர்களில் தாக்குப்பிடிக்கலாம். 30 வயதைக் கடந்தவர்களுக்கு அரசு மருத்துவக் காப்பீட்டில் மாணவர் சலுகை கிடைக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள். வருடத்துக்கு 140 முழு நாள் வேலை பார்க்க அனுமதி உண்டு என்றாலும், முதல் செமஸ்டரில் வேலை கிடைக்கும் என்று நம்பி பட்ஜெட் போடாதீர்கள்.

உங்கள் மதிப்பெண்ணை ஜெர்மன் அளவுக்கு நீங்களே மாற்றிப் பார்க்கலாம். அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து நீங்கள் வாங்கியதைக் கழியுங்கள். அதிகபட்சத்திலிருந்து தேர்ச்சி மதிப்பெண்ணைக் கழித்தால் வரும் எண்ணால் அதை வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1 கூட்டுங்கள். அதிகபட்சம் 10, தேர்ச்சி 4, நீங்கள் வாங்கியது 8 என்றால் விடை 2.0. அங்கே எண் குறையக் குறைய நல்லது. மதிப்பெண் நன்றாக இருந்தும் முதுநிலை விண்ணப்பம் தள்ளுபடியானால், பெரும்பாலும் பாடப் பொருத்தம்தான் காரணம்: கணிதத்தில் இத்தனை கிரெடிட், துறைப் பாடத்தில் இத்தனை என்று கேட்டிருப்பார்கள். சிலபஸை எடுத்துவைத்து ஒவ்வொரு பாடமாக ஒப்பிட்ட பிறகே பணம் கட்டுங்கள்.

பல பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் அமைப்பு வழியாக விண்ணப்பித்தால் முதல் படிப்புக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. பணம் போய்ச் சேரும்வரை உங்கள் கோப்பைத் தொடவே மாட்டார்கள். குளிர்காலப் பருவத்துக்குப் பொதுவான கடைசித் தேதி ஜூலை 15. சரிபார்ப்புக்கு நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும் என்பதால் மே மாதமே அனுப்பிவிடுங்கள்; ஆங்கிலவழி முதுநிலைகள் பல அதற்கும் முன்பே மூடிவிடும். இந்தியா, சீனா, வியட்நாமில் படித்தவர்களுக்கு, படிப்புச் சான்றுகள் உண்மையானவை என்று உறுதிசெய்யும் ஏபிஎஸ் சான்றிதழும் தேவை. மற்ற வேலைகள் எல்லாம் அதற்காகக் காத்து நிற்கும், ஆகவே முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள்.

இத்தாலி

குடும்ப வருமானம் குறைவாக இருப்பவர்கள் ஜெர்மனிக்கு முன்பே பார்க்க வேண்டிய நாடு இது. அரசுப் பல்கலைக்கழகக் கட்டணம் குடும்பத்தின் பொருளாதார நிலையைப் பொறுத்தது. வெளிநாட்டு மாணவர்களுக்கு அதை அளக்கும் கணக்கின் பெயர் ஐ.எஸ்.இ.இ. பாரிஃபிகாத்தோ. அந்த எண் சுமார் 27,000 யூரோவுக்குள் வந்தால் பல மாநிலங்களில் டிஎஸ்யூ என்ற மாநில அரசு உதவித்தொகைக்குத் தகுதி உண்டு: கட்டண விலக்கு, உணவக வசதி, வெளியூரில் தங்கிப் படிப்பவருக்கு வருடம் 7,000 யூரோவை ஒட்டிய தொகை. விடுதி அறை கிடைத்தால் அதன் மதிப்பை இந்தத் தொகையில் கழித்துக்கொள்வார்கள். நிதி தீர்ந்து தகுதிப் பட்டியலில் மட்டும் பெயர் வந்தாலும் கட்டண விலக்கு கிடைக்கும்.

வருமானம் மட்டும் போதாது. வீட்டில் உள்ள எல்லோரின் வருமானச் சான்று, டிசம்பர் 31 அன்று இருந்த வங்கி இருப்பு, குடும்ப உறுப்பினர் சான்று, சொந்த வீட்டின் சதுர மீட்டர் அளவு எல்லாம் கேட்பார்கள். வெளிநாட்டு வீட்டுக்குச் சந்தை விலையைப் பார்ப்பதில்லை, சதுர மீட்டருக்கு 500 யூரோ என்று வைத்துக்கொள்கிறார்கள். 100 சதுர மீட்டர் வீடு என்றால் 50,000 யூரோ சொத்து. எனவே நிலத்தின் பரப்பை வீட்டின் பரப்பாக எழுதிவிடாதீர்கள். வருமானம் இல்லாத உறுப்பினருக்கும் "வருமானம் இல்லை" என்று சான்று வேண்டும். அதை விட்டுவிட்டுத்தான் பலரின் கோப்பு நின்றுபோகிறது. எல்லாவற்றுக்கும் அப்போஸ்டில் முத்திரையும் (ஆவணம் வெளிநாட்டில் செல்லும் என்று அரசு தரும் சான்று) இத்தாலிய மொழிபெயர்ப்பும் ஊரிலேயே முடித்துவிடுங்கள். அங்கே போய்ச் செய்ய நினைத்தால் தேதி தாண்டிவிடும்.

பணம் உடனே கைக்கு வராது; முதல் தவணைக்குப் பெரும்பாலும் ஆண்டுக் கடைசி ஆகிவிடும். அதுவரைக்கான வாடகையும் முன்பணமும் உங்கள் பொறுப்பு. வெளியூர் மாணவர் என்ற தொகைக்கு, உங்கள் பெயரில் குறைந்தது 10 மாத வாடகை ஒப்பந்தம் பதிவாகியிருக்க வேண்டும். நண்பர் அறையில் ஒண்டிக்கொண்டால் குறைந்த தொகைப் பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். முதலாண்டில் பொதுவாக 20 கிரெடிட் எடுக்காவிட்டால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

மற்ற நாடுகள்

ஆஸ்திரியாவில் அரசுப் பல்கலைக்கழகக் கட்டணம் பொதுவாக செமஸ்டருக்கு 726.72 யூரோ. பிரான்சில் இளநிலைக்கு வருடம் 2,900 யூரோவை ஒட்டியும் முதுநிலைக்கு 3,900 யூரோவை ஒட்டியும் ஆகும். சில பல்கலைக்கழகங்கள் விலக்கு தருகின்றன, அந்தந்த வருடத்து அறிவிப்பைப் பாருங்கள். செக் குடியரசின் அரசுப் பல்கலைக்கழகங்களில் செக் மொழியில் படித்தால் எந்த நாட்டவருக்கும் இலவசம், மொழி கற்கும் வருடத்தின் செலவு மட்டும் தனி. ஹங்கேரி அரசின் ஸ்டைபெண்டியம் ஹங்காரிக்கும் உதவித்தொகைத் திட்டத்தில் கட்டணம் இல்லை. ஆனால் இளநிலை, முதுநிலை மாணவருக்கான மாத உதவித்தொகை 43,700 ஃபோரின்ட்டில் புடாபெஸ்ட்டில் வாழ முடியாது, கைக்காசு போட வேண்டும். பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் எராஸ்மஸ் முண்டுஸ் முதுநிலையில் உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,400 யூரோ, கட்டணமும் இல்லை. போட்டி கடுமை.

தேதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எராஸ்மஸ் முண்டுஸ் பெரும்பாலும் அக்டோபர் முதல் ஜனவரி வரை, ஹங்கேரி ஜனவரி நடுவில், ஜெர்மனி வசந்தத்திலிருந்து ஜூலை வரை, இத்தாலியின் டிஎஸ்யூ கோடையில். டிஎஸ்யூ விண்ணப்பம் பல இடங்களில் விசா கைக்கு வரும் முன்பே மூடிவிடும். இத்தாலியில் படிக்க விசாவுக்கு முன் செய்யும் யூனிவர்சிதாலி இணையதள முன்பதிவு முடிந்த கையோடு அதையும் போட்டுவிடுங்கள்.