‘இணைகிறார்’ என்று எழுதும் முன்: ஹாலிவுட் செய்தி எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர், ஒரு ஹாலிவுட் த்ரில்லரைப் பற்றி நாலு பத்தி எழுதிக் கொண்டுவந்து காட்டினார். தலைப்பிலேயே ஒரு பெரிய நடிகர் படத்தில் ‘இணைந்துவிட்டார்’. அவர் பார்த்து எழுதிய ஆங்கிலச் செய்தியைத் திறந்தால், அந்த நடிகரிடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். எனக்கு 2010 ஞாபகம் வந்துவிட்டது. இதே தவறை இதைவிடப் பெரிய எழுத்தில் அச்சேற்றியவன் நான்.

பெயரைத் தப்பாக எழுதுவது, அண்ணன் படத்துக்குப் பதில் தம்பி படத்தை வைப்பது போன்றவற்றை யாராவது அன்றைக்கே பிடித்துவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். பல மாதம் கழித்து வந்து கழுத்தைப் பிடிக்கிற தவறுகள் வேறு.

பேச்சு வேறு, ஒப்பந்தம் வேறு

படத்தின் பெயர் ‘டிரிபிள் ஃபிரான்டியர்’. பிரேசில், அர்ஜென்டினா, பராகுவே மூன்று நாடுகளும் ஆற்றங்கரையில் முட்டிக்கொள்ளும் எல்லைப் பகுதிக்கு அந்தப் பெயர் உண்டு. மார்க் போல் எழுதி கேத்ரின் பிகலோ இயக்குவதாகத் திட்டம். 2010 மார்ச்சில்தான் இருவரும் ‘தி ஹர்ட் லாக்கர்’ படத்துக்காக ஆஸ்கர் வாங்கியிருந்தார்கள். சிறந்த இயக்குநர் ஆஸ்கர் பெற்ற முதல் பெண் பிகலோ. அவருடைய அடுத்த படம், பாரமவுண்ட் ஸ்டுடியோ, அதற்கு டாம் ஹாங்க்ஸிடமும் ஜானி டெப்பிடமும் பேச்சு நடக்கிறது என்று செய்தி. இருபது வரியில் முடித்திருக்க வேண்டியதை நான் ஒரு வார இதழின் நடுப்பக்கத்துக்கு இழுத்தேன். இரண்டு பேர் படமும் பெரிதாக. நடுவில் ‘முதன்முறையாக இணைகிறார்கள்!’ ஆச்சரியக்குறி உட்பட எல்லாம் என் கைவண்ணம்.

2011 மே மாதம் பின்லாடன் கொல்லப்பட்டார். பிகலோவும் போலும் அந்தக் கதைக்குப் போய்விட்டார்கள். 2012-இல் அது ‘ஜீரோ டார்க் தர்ட்டி’ ஆக வெளிவந்தது. எல்லைப் படம் கிடப்பில் போனது. ஹாங்க்ஸும் டெப்பும் எதிலும் இணையவில்லை. வாசகர் ஒருவர் வருடத்துக்கு ஒரு முறை எனக்கு எழுதுவார்: “அந்தப் படம் என்ன சார் ஆச்சு?” முதல் வருடம் பதில் எழுதினேன். அப்புறம் விட்டுவிட்டேன்.

இதோடு புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. 2015-இல் அதே படத்துக்கு ஜே.சி. சான்டோர் இயக்குநராக வருவதாகச் செய்தி வந்தது. 2017 தொடக்கத்தில் சானிங் டேட்டம், டாம் ஹார்டி பெயர்கள் அடிபட்டன. அந்த பிப்ரவரியில்தான் ‘மூன்லைட்’ படத்துக்காக ஆஸ்கர் வாங்கிய மஹெர்ஷாலா அலியும் பட்டியலுக்குள் வந்தார். அப்போது நான் ஒரு இணையதளத்துக்குக் கட்டுரைக்கு இவ்வளவு என்ற கணக்கில் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் உட்கார்ந்து, யார் எந்த மாதிரி பாத்திரத்தில் வரக்கூடும், டேட்டமும் ஹார்டியும் திரையில் எப்படிப் பொருந்துவார்கள் என்றெல்லாம் ஒரு நீண்ட சிறப்புக் கட்டுரை எழுதிக் கொடுத்தேன். கதையைப் படிக்காமலே!

ஏப்ரலில் டேட்டமும் ஹார்டியும் இல்லை என்றாகி, பாரமவுண்டும் படத்தைக் கைகழுவியது. என் கட்டுரை வெளியாகவில்லை, பணமும் வரவில்லை. அந்தத் தளத்திலிருந்து அடுத்த வேலை வர ஐந்து மாதம் ஆனது. அந்த ஆசிரியர் மேல் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. ஆனால் அவர் செய்ததில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான் கூடுதல் எரிச்சல்.

அதற்குப் பிறகு நடந்ததையும் கேளுங்கள். படம் நெட்ஃபிளிக்ஸுக்குப் போனது. பென் அஃப்லெக்கிடமும் அவர் தம்பி கேசியிடமும் பேச்சு என்றார்கள். மஹெர்ஷாலா அலி விலகினார். பென் அஃப்லெக்கும் விலகினார். மார்க் வால்பெர்க் பெயர் வந்தது. பிறகு பென் திரும்பி வந்தார். 2019 மார்ச்சில் படம் வெளியானபோது திரையில் இருந்தவர்கள் பென் அஃப்லெக், ஆஸ்கர் ஐசக், சார்லி ஹன்னம், பெட்ரோ பாஸ்கல், காரெட் ஹெட்லண்ட். ஒன்பது வருடத்தில் இத்தனை பெயர். ஒவ்வொரு பெயருக்கும் எங்கோ ஒருவர் ‘இணைந்தார்’ என்று தலைப்புப் போட்டிருப்பார்.

தவறு எங்கே நடக்கிறது? அமெரிக்கத் திரைத்தொழில் இதழ்கள் ஒவ்வொரு படிக்கும் ஒரு சொல் வைத்திருக்கின்றன. வெரைட்டி, ஹாலிவுட் ரிப்போர்ட்டர், டெட்லைன் மூன்றிலும் அந்தச் சொற்களைக் கவனமாகவே கையாள்வார்கள். நாம்தான் எல்லாவற்றையும் ‘இணைகிறார்’ என்ற ஒரே சட்டிக்குள் போட்டுவிடுகிறோம். நான் இப்போது இப்படிப் பிரித்துக்கொள்கிறேன். ஸ்டுடியோ அவரை மனதில் வைத்திருக்கிறது என்றால் ‘யோசிக்கிறார்கள்’. ஆஃபர் போயிருக்கிறது என்றால் ‘கேட்டிருக்கிறார்கள்’. ‘இன் டாக்ஸ்’ என்றால் ‘பேச்சு நடக்கிறது’. சம்பளமும் தேதியும் மட்டும் பாக்கி என்றால் ‘பேச்சு முடியும் கட்டத்தில் இருக்கிறது’. கையெழுத்தே ஆகிவிட்டால்தான் ‘ஒப்பந்தமாகிவிட்டார்’. அதன் பிறகும் விலகுவார்கள், அது வேறு கதை.

‘அட்டாச்டு’ என்ற சொல்தான் எல்லாரையும் வழுக்கிவிடும். ஒட்டிக்கொண்டார் என்பதால் உறுதி என்று தோன்றும். பெரும்பாலும் அதற்குப் பொருள், ‘படம் நடந்தால் நான் இருக்கிறேன்’ என்று அந்த நடிகர் சொல்லியிருக்கிறார் என்பதே. படம் நடக்குமா என்பது அந்தச் சொல்லில் கிடையாது.

இன்னொரு வழுக்குப்பாறை நம் மொழியிலேயே இருக்கிறது: ‘ஆம்’ விகுதி. ‘நடிக்கிறாராம்’ என்று எழுதினால் நாம் தப்பித்துவிட்டோம் என்று நினைப்பு. வேற்று மொழிக்காரர்கள் நாலு சொல்லில் சொல்வதை நாம் ஓர் அசையில் சொல்லிவிடுகிறோம், அருமையான வசதிதான். ஆனால் யார் சொன்னது என்பதை அந்த ‘ஆம்’ விழுங்கிவிடுகிறது. நடிகரின் ஏஜென்ட்டா, தயாரிப்பாளரா, ஸ்டுடியோவில் யாராவதா? அதுதானே செய்தி! பேச்சு நடக்கும்போதே விஷயம் வெளியே கசிகிறது என்றால் அதனால் யாருக்கோ பயன் இருக்கிறது. இன்னொரு ஸ்டுடியோ காதில் விழட்டும் என்று ஏஜென்ட் கசியவிடுவதுண்டு. வெளிநாட்டு விநியோக உரிமையைப் படம் எடுக்கும் முன்பே விற்கிற தயாரிப்பாளருக்கு, கான் திரைப்படச் சந்தைக்குப் போகும்போது கையில் ஒரு பெரிய பெயர் வேண்டும். யாருடைய வாயிலிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் ‘பேச்சு நடப்பதாக இன்ன இதழ் சொல்கிறது’ என்றாவது எழுதுங்கள். இடம் கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

ஸ்டுடியோ கைவிட்டது என்றதும் இரங்கல் எழுதுவது

2017 ஏப்ரலில் பல இடங்களில் ‘டிரிபிள் ஃபிரான்டியர்’ படத்துக்குக் கருமாதியே செய்துவிட்டார்கள். ஒரு மாதத்துக்குள் நெட்ஃபிளிக்ஸ் பேச்சு தொடங்கியது.

ஸ்டுடியோ என்பது பெரும்பாலும் பணம் போட்டு வெளியிடுகிற இடம். படத்தைத் தூக்கிச் சுமப்பது தயாரிப்பு நிறுவனம். இந்தப் படத்தில் அது சார்லஸ் ரோவனின் அட்லஸ் என்டர்டெயின்மென்ட். ஒரு ஸ்டுடியோ விலகினால், ‘டர்ன்அரவுண்ட்’ என்ற ஏற்பாட்டில் தயாரிப்பாளர் கதையை இன்னொரு ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோகலாம். புதிதாக வருகிறவர் பழைய ஸ்டுடியோ அதுவரை செலவழித்ததைத் திருப்பிக் கொடுக்க ஒத்துக்கொள்வார். வீடு மாறும்போது அட்வான்ஸைப் புதுக் குடித்தனக்காரரிடம் வாங்கிக்கொள்வது மாதிரி. ஆகவே ‘பாரமவுண்ட் விலகியது’ என்று எழுதுங்கள். ‘படம் கைவிடப்பட்டது’ என்று எழுத, தயாரிப்பாளர் வாயிலிருந்து அது வர வேண்டும்.

ஸ்டுடியோவில் யார் நாற்காலி மாறியது என்றும் பாருங்கள். பாரமவுண்டில் 12 வருடம் தலைவராக இருந்த பிராட் கிரே 2017 பிப்ரவரியில் போனார், மார்ச்சில் ஜிம் ஜியானோபுலோஸ் வந்தார், ஏப்ரலில் இந்தப் படம் வெளியே. இதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் முந்தையவர் சம்மதித்த செலவுக்குப் புதியவர் இன்னொரு தடவை கணக்குப் பார்ப்பார் என்பதை இங்கே எந்த ஊராட்சி அலுவலகத்திலும் பார்க்கலாம்.

எல்லாத் தாமதத்துக்கும் ஒரே காரணம் சொல்வது

‘தி வுமன் இன் தி விண்டோ’ இதற்கு நல்ல உதாரணம். ஜோ ரைட் இயக்கம், ஏமி ஆடம்ஸ் நாயகி. ஃபாக்ஸ் ஸ்டுடியோவின் ‘ஃபாக்ஸ் 2000’ பிரிவு தயாரித்து 2019 அக்டோபரில் வர வேண்டிய படம். அந்த வருடம் மார்ச் 20 அன்று டிஸ்னி, ஃபாக்ஸை வாங்கி முடித்தது. ஃபாக்ஸ் 2000 பிரிவையே மூட முடிவானது. இது ஒரு காரணம். வெளியீட்டுக்கு முன் சோதனைக்காகப் போட்டுக்காட்டியபோது பார்த்தவர்களுக்குக் கதை குழப்பமாக இருந்தது. அதற்காக மறுபடியும் சில காட்சிகள் எடுத்தார்கள், 2020 மே மாதத்துக்குத் தள்ளினார்கள். இது இன்னொன்று. அதற்குள் கொரோனா வந்து தியேட்டர்களை மூடியது. இது மூன்றாவது. கடைசியில் டிஸ்னி படத்தை நெட்ஃபிளிக்ஸிடம் விற்று, 2021 மே 14 அன்று வெளியானது.

படம் நன்றாக இல்லை. விமர்சகர்கள் பிய்த்துவிட்டார்கள். ஆனால் படம் மோசம் என்பதால்தான் கைமாறியது என்று எழுதினால், நிறுவனம் விற்கப்பட்டதையும் கொரோனாவையும் சேர்த்து ஜோ ரைட் தலையில் கட்டுகிறோம். எது எந்த மாதம் நடந்தது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். பாதிக் கதை தானாகவே பிரிந்து வந்துவிடும்.

ரீஷூட்

சில காட்சிகளை மறுபடியும் எடுக்கிறார்கள் என்றதும் ‘அதிர்ச்சி’ என்ற சொல் வேண்டாம். ‘தி வுமன் இன் தி விண்டோ’ படத்துக்குப் புதுக் காட்சிகள் எழுத வந்த டோனி கில்ராய், அதற்கு முன் ‘ரோக் ஒன்’ படத்தின் ரீஷூட்டிலும் வேலை பார்த்தவர். அது 100 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

போனவர் பெயரை விடாமல் பிடித்துக்கொள்வது

‘தி ஸ்னோமேன்’ படத்தை முதலில் மார்ட்டின் ஸ்கார்செஸி இயக்குவதாக இருந்தது. இயக்கியது தாமஸ் ஆல்ஃப்ரெட்சன். ஸ்கார்செஸி நிர்வாகத் தயாரிப்பாளராக மட்டும் இருந்தார். 2017-இல் படம் வரும் வரை தமிழில் ‘ஸ்கார்செஸியின் த்ரில்லர்’ என்று எழுதிக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும். படப்பிடிப்புக்கு நேரம் போதாமல் திரைக்கதையில் 10 முதல் 15 சதவீதம் எடுக்கப்படவே இல்லை என்று ஆல்ஃப்ரெட்சனே நார்வே ஒளிபரப்பு நிறுவனத்திடம் சொன்னார். உண்மையான செய்தி அது. அதைத் தலைப்பாக்கியவர்கள் குறைவு.

பாத்திரம் அதே, ஆள் வேறு என்று நினைப்பது

இது த்ரில்லர் இல்லை, வெஸ்டர்ன். ஆனால் இதைவிட நல்ல பாடம் கிடையாது: ‘ஜேன் காட் எ கன்’. நாயகனாக மைக்கேல் ஃபாஸ்பெண்டர், வில்லனாக ஜோயல் எட்ஜர்டன். ஃபாஸ்பெண்டர் விலகியதும் எட்ஜர்டன் நாயகன் பாத்திரத்துக்கு மாறினார். வில்லனாக ஜூட் லா வந்தார். 2013 மார்ச்சில் படப்பிடிப்பு தொடங்கும் நாளில் இயக்குநர் லின் ராம்சி வரவில்லை. ஜூட் லாவும் விலகினார். பிராட்லி கூப்பர் வந்து அவரும் விலக, ஈவான் மெக்ரெகர் வந்தார். ‘ஃபாஸ்பெண்டருக்குப் பதில் ஜூட் லா’ என்று எழுதியவர்கள் எல்லாரும் தவறு. விநியோகிக்க வேண்டிய ரிலேட்டிவிட்டி மீடியா 2015-இல் திவால் மனு போட்டது. படம் வேறு நிறுவனம் மூலம் 2016 ஜனவரியில்தான் வந்தது.

ஐஎம்டிபி பக்கம்

அந்தத் திரைப்படத் தகவல் தளத்துக்கு யார் வேண்டுமானாலும் விவரம் சேர்க்க அனுப்பலாம். நானும் அனுப்பியிருக்கிறேன்.

ரசிகர் போஸ்டர்

போடாதீர்கள்.

மில்லியன்

10 மில்லியன்தான் ஒரு கோடி. ஒரு மில்லியனை ஒரு கோடி என்று எழுதி, சின்னப் படத்தின் பட்ஜெட்டைப் பத்து மடங்கு ஆக்கிய புண்ணியவான்களில் நானும் ஒருவன்.

தவறு தெரிந்த பிறகு

பழைய செய்தியை ராத்திரியோடு ராத்திரியாக அழிக்காதீர்கள். மேலே தேதி போட்டு ‘பேச்சு முறிந்துவிட்டது’ என்று ஒரு வரி சேருங்கள். அச்சில் எழுதிய காலத்தில் எனக்கு அந்த வசதி கிடையாது, மறுப்புப் போட ஆசிரியருக்கு மனமும் கிடையாது. 2010 நடுப்பக்கத்தைக் கத்தரித்து ஒரு ஃபைலில் வைத்திருக்கிறேன். தம்பியிடம் இத்தனையும் சொல்வதற்கு முன், வாயே திறக்காமல் அதை எடுத்து நீட்டினேன். முழுக்கப் படித்தார்.

“அண்ணா, ஹாங்க்ஸும் டெப்பும் சேர்ந்து நடிச்சிருக்காங்களா? இத்தனை நாள் தெரியாமப் போச்சே. எதுல பார்க்கலாம்?”