நோட் அடித்தால் வேறெங்கோ போய் உட்காருகிறதா? ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரிசெய்வோம்

ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோட்டில் எழுதும் மேற்கத்திய இசைக்குறி) மென்பொருளைத் திறந்து சி எழுத்தை அடிக்கிறீர்கள். ஒன்றும் வரவில்லை. அல்லது வருகிறது, ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) கீழே. உடனே "இதில் ஏதோ பக்" என்று மொத்தத்தையும் அழித்துவிட்டுத் திரும்ப இன்ஸ்டால் செய்யத் தோன்றும். நானும் செய்திருக்கிறேன். அமைப்புகள் தனி ஃபோல்டரில் கிடப்பதால் பழைய கோளாறு பழையபடியே வந்து நின்றது.

மென்பொருள் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்காமல் அடிப்பதால்தான் பாதிக்கு மேல் தொல்லை. இங்கே சொல்லும் கீகள் விண்டோஸில் ஓடும் மியூஸ்ஸ்கோர் 4-க்கானவை. இது இலவசம், புதிதாகத் தொடங்குகிறவர்கள் கையில் பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

முதல் வேலை: ஃபைலை வேறு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். சோதனையெல்லாம் அந்த நகலில்தான்.

படி 1: எதுவுமே வரவில்லை என்றால்

"N" கீயை அழுத்தினீர்களா? நோட் உள்ளிடும் நிலை அதில்தான் தொடங்கும், ஸ்டாஃப் மேல் நிறமுள்ள கர்சர் ஒன்று நிற்கும். அது இல்லையென்றால் எஸ்கேப் அழுத்தி, ஒரு பாரை (இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவிலுள்ள கட்டம்) கிளிக் செய்து, மறுபடி "N".

கர்சர் நிற்கிறது, எழுத்துக்கு மட்டும் அசைவே இல்லை என்றால் கணினியின் மொழியைப் பாருங்கள். நம்மவர்களுக்கென்றே உள்ள தொல்லை இது. பாடல் வரிகளைத் தமிழில் தட்டிவிட்டு, ஆங்கிலத்துக்கு மாற்றாமல் நோட் போட வந்திருப்போம். சி இருக்கும் இடத்தில் வேறு எழுத்து போய்க்கொண்டிருக்கும், மென்பொருளுக்கு அது புரியாது.

படி 2: நீளம் தப்பாக விழுந்தால்

வேறு மென்பொருளில் பழகி வந்தவரா? அப்படியானால் கைப்பழக்கம்தான் காரணம். குவார்ட்டர் நோட்டுக்கு (முழு நோட்டில் கால் பங்கு நீளம்; எய்த் அதில் பாதி) மியூஸ்ஸ்கோரில் 5, டோரிகோவில் 6, சிபேலியஸின் கீபேடில் 4. சிபேலியஸ் பழக்கத்தில் இங்கே வந்து 4 அடித்தால் எய்த் நோட்தான் கிடைக்கும், பாட்டு இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும்.

ட்ரிப்லெட்டிலும் பலர் இடறுவார்கள். ஒரு குவார்ட்டர் நோட் இடத்தில் மூன்று எய்த் நோட் வேண்டும் என்றால், முதலில் மொத்த நீளமான 5-ஐ அழுத்தி, பிறகு கண்ட்ரோல் 3. எய்த் நோட்தானே வேண்டும் என்று 4-இல் தொடங்கினால் சிக்ஸ்டீன்த் நோட்டுகளாக வந்து நிற்கும்.

படி 3: ஆக்டேவ் தாவினால்

இது பக் இல்லை. எழுத்தை மட்டும் அடிக்கும்போது எந்த ஆக்டேவ் என்று நீங்கள் சொல்வதில்லையே. அதனால் முந்தைய நோட்டுக்கு எது கிட்டவோ அங்கே வைக்கிறது. சி அடித்துவிட்டு ஜி அடித்துப் பாருங்கள், ஜி கீழே விழும். மேலே உள்ள ஜி ஐந்தாவது இடத்தில், கீழே உள்ளது நான்காவது இடத்தில், எனவே கீழேதான் பக்கம். மேலே வேண்டுமானால் அடித்த கையோடு கண்ட்ரோலும் மேல் அம்புக்குறியும். இரண்டு நாளில் கை தானாகப் போகும்.

படி 4: பார் கணக்கு உதைத்தால்

பாரின் வலது மேல் மூலையில் சின்னதாக ஒரு + தெரிந்தால், தாளக் கணக்குக்கு மேல் அந்தப் பாரில் நோட்டுகள் இருக்கின்றன என்று பொருள். கண்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் சேர்த்து எழுத்தை அடித்திருப்பீர்கள். அப்போது பழைய நோட்டை அழிக்காமல் நடுவில் செருகி, பாரையே நீட்டிவிடும். அன்டூ செய்வதே சுலபம். முதல் பாரில் − இருந்தால் பயப்படாதீர்கள், பாதி எடுப்பில் தொடங்கும் பாட்டுக்கு அது சரியே.

ஓய்வுக் குறிகள் இரண்டிரண்டாகத் தெரிந்தால், தெரியாமல் வாய்ஸ் 2-க்கு (அதே ஸ்டாஃபில் தனியாக ஓடும் இரண்டாவது வரிசை) போயிருக்கிறீர்கள். நோட்டைக் கிளிக் செய்து நிறத்தைப் பாருங்கள்: நீலம் முதல் வாய்ஸ், பச்சை இரண்டாவது. பச்சையாக இருந்தால் தேர்ந்தெடுத்து, மேலே உள்ள 1 பொத்தானை அழுத்தி மாற்றலாம்.

படி 5: கண்ணுக்குச் சரி, காதுக்குத் தப்பு

இதில் நான் ஒரு முழு மாலையை இழந்தேன். அச்சிட்ட பி ஃபிளாட் கிளாரினெட் பகுதியைப் பார்த்து 64 பார் ஏற்றினேன். காகிதத்தில் உள்ளதுதான் திரையிலும். ஒலிக்கவிட்டால் பியானோவோடு சேராமல் ஒரு முழு சுரம் மேலே கத்துகிறது. ஒலித் தொகுப்பைக் குறை சொன்னேன், ஹெட்ஃபோனைக் கழற்றி மாட்டினேன். கடைசியில் பார்த்தால் கீழே "கன்சர்ட் பிட்ச்" பொத்தான் அமுங்கிக் கிடக்கிறது.

அந்தக் கிளாரினெட்டில் டி என்று எழுதினால் ஒலிப்பது சி. பொத்தான் அமுங்கியிருந்தால் அடிப்பதெல்லாம் ஒலிக்கும் சுரமாகவே எடுத்துக்கொள்ளப்படும். மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து ஒரு மேஜர் செகண்ட் (அதே ஒரு முழு சுரம்) கீழே இறக்கி, பொத்தானை விடுவித்தேன். அரை நிமிட வேலை. இப்போது அத்தகைய வாத்தியம் வந்தாலே முதல் நோட்டுக்கு முன் அந்தப் பொத்தானைத்தான் பார்க்கிறேன்.

படி 6: மிடி கீபோர்டு (கணினியோடு இணைக்கும் பியானோ வகைக் கீபோர்டு) வைத்திருந்தால்

கீபோர்டை வாசித்தும் நோட் வரவில்லையா? வேறொரு ரெக்கார்டிங் மென்பொருள் திறந்திருக்கிறதா பாருங்கள். விண்டோஸில் பல மிடி டிரைவர்கள் ஒரு நேரத்தில் ஒரு புரோகிராமுக்குத்தான் வழிவிடும். அதை மூடிவிட்டு, மியூஸ்ஸ்கோரின் விருப்ப அமைப்புகளில் உள்ளீட்டுக் கருவியாக உங்கள் கீபோர்டு தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லா நோட்டும் சரியாக ஒரு ஆக்டேவ் தள்ளி வந்தால், கீபோர்டிலேயே உள்ள ஆக்டேவ் பொத்தானை யாரோ தொட்டிருக்கிறார்கள். எஃப் ஷார்ப் வேண்டிய இடத்தில் ஜி ஃபிளாட் வந்தால் அது கோளாறே அல்ல. மிடி அனுப்புவது ஒரு எண் மட்டும், இரண்டுக்கும் ஒரே எண். நோட்டைத் தேர்ந்தெடுத்து ஜே கீயை அழுத்தினால் பெயர் மாறும்.

படி 7: இன்னும் சரியாகவில்லையா?

புதிய வெற்று ஸ்கோர் ஒன்றில் அதையே செய்யுங்கள். அங்கே சரியாக வந்தால் கோளாறு உங்கள் ஃபைலில். அங்கும் அதே கோளாறு வந்தால் அமைப்புகளிலோ மென்பொருளிலோ. உதவி மெனுவில் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பும் வசதி உண்டு. அழுத்துமுன் உங்கள் ஷார்ட்கட்டுகளை ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள், எல்லாம் போய்விடும்.

அதன் பிறகும் கோளாறு போகவில்லை என்றால் உண்மையான பக்தான், உருவாக்குபவர்களுக்கு எழுதுங்கள். "நோட் சரியா வரல" என்று மட்டும் எழுதினால் யாராலும் உதவ முடியாது. இப்படி எழுதுங்கள்: "பதிப்பு எண் இது, இயங்குதளம் இது. மூன்றாவது பாரில் வாய்ஸ் 2-இல் ட்ரிப்லெட் போட்டு, கடைசி நோட்டை அழித்து, அன்டூ செய்தால் ஓய்வுக் குறி மறைகிறது. மறையாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நடக்கிறது." கூடவே முழுப் பாட்டை அனுப்பாமல், கோளாறு தெரியும் இரண்டு பாரை மட்டும் வெட்டி இணையுங்கள்.