அரிசிப் புரத ஜெல் சீரம்: முதன்முறை செய்பவர்களுக்கு

அரிசி கழுவிய தண்ணீரை முகத்தில் பூசினால் புரதம் சேரும் என்பார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் மாச்சத்துத்தான். கொழும்பு வெக்கையில் ஒரே நாளில் புளித்தும் போகும். நமக்கு வேண்டியது நீர்ப்பகுப்புச் செய்த புரதம், அதாவது சிறு துண்டுகளாக உடைத்து நீரில் கரையவிட்ட புரதம். அது தோலுக்குள் இறங்கி எதையும் கட்டியெழுப்பாது. மேலே மெல்லிய படலமாகப் படிந்து ஈரத்தைப் பிடித்துவைக்கும், தொட்டால் வழுவழுப்பாக இருக்கும். அதற்கு மேல் சொல்லும் விளம்பரங்களை நம்ப வேண்டாம்.

100 கிராமுக்கு: காய்ச்சி வடித்த நீர் 91.6, கிளிசரின் 4, சாந்தன் கம் (கெட்டியாக்கும் தூள்) 0.4, டைசோடியம் ஈடிடிஏ (நீரிலுள்ள உலோக அயன்களைப் பிணைத்துவைப்பது) 0.1, திரவ அரிசிப் புரதம் 3, பினொக்ஸிஎதனோல் – எதில்ஹெக்ஸைல்கிளிசரின் கலவை (பிரிசர்வேட்டிவ், அதாவது கிருமி வளராமல் காப்பது) 0.9. எல்லாமே நிறைதான், கரண்டிக் கணக்கு சரிவராது. 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு வேண்டும்.

1. பாத்திரம், கரண்டி, பம்ப் போத்தல் மூன்றையும் கழுவி, 70% ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தெளித்துக் காயவிடுங்கள்.

2. சாந்தன் கம்மைக் கிளிசரினில் குழையுங்கள். நேரே தண்ணீரில் தூவினால் மீன்கண் போலக் கட்டிகள் நிற்கும், எவ்வளவு கலக்கினாலும் கரையாது.

3. ஈடிடிஏ கரைத்த நீரை ஊற்றிக் கலக்கி, அரை மணிநேரம் மூடி வையுங்கள். தானாகவே கெட்டியாகும்.

4. புரதத்தையும் பிரிசர்வேட்டிவையும் கடைசியில் சேருங்கள். இந்தச் சீரத்துக்குச் சூடே தேவையில்லை. கிரீம் செய்பவர்கள் 40 பாகைக்குக் கீழே ஆறிய பிறகே இவற்றைச் சேர்க்க வேண்டும்.

5. பீஎச் தாளில் பாருங்கள் (பீஎச் எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்). 5க்கும் 5.5க்கும் இடையில் நிற்கட்டும். கூடினால் 10% சிற்றிக் அமிலக் கரைசலைத் துளித்துளியாக விடுங்கள்.

அதிகம் பிழைப்பது புரதத்தின் அளவில்தான். திரவப் புரதங்கள் பலவற்றில் 20–25% மட்டுமே புரதம், மிச்சம் நீர். தூளாக வாங்கிவிட்டு அதே 3 கிராமைப் போட்டால் முகம் பசைபோல் ஒட்டும், காய்ந்ததும் இழுக்கும். தூள் என்றால் 0.6 கிராம் போதும். குறைந்த எடைக்கு நீரைச் சேருங்கள். போத்தலின் விவரத்தாளைப் பார்த்தே கணக்கிடுங்கள். தூள் இந்த ஈரக்காற்றில் சட்டென்று கட்டிபட்டுவிடும், இறுக மூடி வையுங்கள்.

வாங்கும் புரதத்தின் பெயரில் ‘ஹைட்ரொக்ஸிபுரொப்பைல்டிரைமோனியம்’ என்று இருந்தால் அது நேர்மின்னேற்றம் ஏற்றிய புரதம். தலைமுடிக்கு அருமையானது. ஆனால் சாந்தன் கம் எதிர்மின்னேற்றம் உடையது. இரண்டும் சேர்ந்தால் நூல் நூலாகத் திரியும். அந்த வகைக்கு மின்னேற்றமில்லாத கெட்டியாக்கியான ஹைட்ரொக்ஸிஎதில்செலுலோஸ்தான் பொருந்தும்.

பிரிசர்வேட்டிவை ‘இயற்கையாக இருக்கட்டும்’ என்று விட்டுவிடாதீர்கள். புரதம் கிருமிகளுக்குச் சாப்பாடு. தானியம் ஊறிய மாதிரி இலேசான வாசம் முதல்நாளே இருக்கும், அது பரவாயில்லை. வாசம் மாறினால், ஜெல் நீர்த்தால், புள்ளி விழுந்தால் கொட்டிவிடுங்கள். நன்றாகவே இருந்தாலும் மூன்று மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

கோதுமைப் புரதத்தில் தொடங்காதீர்கள். ஜப்பானில் அது சேர்ந்த முகச் சவர்க்காரம் ஒன்றைப் பாவித்த பலருக்குப் பிறகு பாண் சாப்பிட்டாலே ஒவ்வாமை வந்தது. 2011இல் அந்தச் சவர்க்காரம் மீளப்பெறப்பட்டது. சோற்றிலேயே வளர்ந்த நமக்கும் அரிசிப் புரதத்தை முழங்கை மடிப்பில் 48 மணிநேரம் பூசிப் பார்த்த பிறகுதான் முகம்.