பங்குனியை வீட்டுக்குள் கழித்துவிடாதீர்கள்

வசந்தத்தை மே மாத லீவில் தேடுவதுதான் டெல்டாவில் நம்மில் பலர் செய்யும் தவறு. கணக்குப்படி இளவேனில் சித்திரையும் வைகாசியும்தான். ஆனால் தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் அதற்குள் வெயில் மண்டையைப் பிளக்கும். மாசிக் கடைசியிலிருந்து பங்குனி முடிய, விடிந்ததும் ஒரு மணி நேரம், பொழுது சாயும்போது ஒரு மணி நேரம். நமக்கு வாய்த்த வசந்தம் அதுதான். காலை பதினோரு மணிக்குப் பிள்ளைகளோடு ஆற்றங்கரைக்குப் போனால் தலைவலிதான் மிஞ்சும்.

"ஆத்துல தண்ணியே இல்ல, வெளியில என்ன இருக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடினால் ஜூன் 12-ல்தான் திறப்பார்கள். நடுவில் ஆறு மணலாகத்தான் கிடக்கும். சரி, வயல் பக்கம் வாருங்கள். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நெற்பயிருக்குள் தெளித்துவிட்ட உளுந்து, மண்ணில் மிஞ்சிய ஈரத்தையும் பனியையும் குடித்தே வளர்ந்து நிற்கும். வரப்பில் குந்தி ஒரு செடியை மட்டும் பாருங்கள். காயெல்லாம் மெல்லிய சுணை, அதில் சிக்கிய பனித்துளி. கீழ்க்காய் கறுக்கத் தொடங்கியிருக்கும், மேலே இன்னும் மஞ்சள் பூ இருக்கும். வயலுக்குள் மட்டும் இறங்காதீர்கள். முற்றிய காய் கால் பட்டால் வெடித்துவிடும். அது ஒருவருடைய உழைப்பு. பாம்பும் இருக்கும், செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள். ஆற்று மணலில் தண்ணீர் தேங்கிய பள்ளங்கள் ஆழம் தெரியாதவை, பிள்ளைகளை இறங்க விடாதீர்கள்.

கொடைக்கானல் போனால்தான் மனசு ஆறும் என்று வருடம் முழுக்கக் காத்திருக்கவும் வேண்டாம். இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2019-ல் வெளியானது. வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையான இடங்களில் இருந்தவர்கள், உடம்பும் மனசும் நன்றாக இருப்பதாக மற்றவர்களைவிட அதிகம் பேர் சொன்னார்கள். ஒரே நாளில் போனாலும் பிரித்துப் போனாலும் வித்தியாசம் இல்லை. தினம் இருபது நிமிடம் என்றாலே கணக்கு நிறைந்துவிடும்.

அந்த இருபது நிமிடமும் போனைப் பார்த்தபடி நடந்தால் பலன் இல்லை. கவனத்தை இழுத்துப் பிடித்துக் களைத்த மனசு, தானாகக் கண்ணில் படுவதை வேடிக்கை பார்க்கும்போதுதான் ஓய்கிறது என்று அமெரிக்க உளவியலாளர்கள் ரேச்சல் கப்லனும் ஸ்டீபன் கப்லனும் விளக்கியிருக்கிறார்கள்.

அப்புறம், வயதானவர்களை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது. எனக்கு மனசு உறுத்தும் தவறு இது. போன பங்குனியில் கால் அடிபட்டு இரண்டு மாதம் கட்டிலிலேயே கிடந்தார் அப்பா. அம்மா ராத்திரியே வேப்பமரத்தடியில் பழைய வேட்டியை விரித்துவைப்பார். விடிந்ததும் நாற்காலி போட்டு அப்பாவை அங்கே உட்கார வைத்தோம். உதிர்ந்த பூவை மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டு, காம்பும் குச்சியும் பொறுக்கினார். நாலாம் நாள், நான் எழுந்து வருவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்து நின்றிருந்தார்.