மரபணுவுக்கு டோக்கன் கொடுப்பது யார்?

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு லாக் ஓபரான் (லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையைத் தின்பதற்கான மரபணுக்களை பாக்டீரியா திறந்து மூடும் ஏற்பாடு) சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நாலு மீட்டர் கயிறு எடுங்கள். தங்கச்சிமடம் பக்கம் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். படத்தை வரையச் சொன்னால் எல்லோரும் அச்சு மாதிரி வரைந்துவிடுவார்கள், 'லாக்டோஸ் தீர்ந்துபோனால் என்ன ஆகும்?' என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள்.

தொடங்கும்போது ஒன்றை மட்டும் சொல்லுங்கள். கல்லீரல் செல்லிலும் கண் வில்லையை உண்டாக்கும் செல்லிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ.தான், புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000. கல்லீரல் அல்புமினைச் செய்கிறது, வில்லை கிறிஸ்டலினைச் செய்கிறது. துறைமுகத்தில் எல்லாப் படகும் கட்டித்தான் கிடக்கிறது, இன்றைக்கு எது கடலுக்குப் போகிறது என்பதுதான் கேள்வி.

இப்போது ஈர மணலில் கயிற்றை நீட்டிப் போடுங்கள், அதுதான் ஈ. கோலை பாக்டீரியாவின் டி.என்.ஏ. ஒரு முனைக்குப் பக்கத்தில் சிப்பி வைத்தால் அது புரமோட்டர், மரபணுவைப் படிக்கத் தொடங்கும் இடம். அதை ஒட்டி ஒரு முடிச்சு, அது ஆபரேட்டர், தடை போடும் இடம். அப்புறம் வரிசையாக மூன்று மிதவைகள், அவை மூன்று மரபணுக்கள்: லாக்டோஸை உடைக்கும் நொதிக்கு இசட், அதை உள்ளே கொண்டுவரும் பெர்மியேஸுக்கு ஒய், பிறகு ஏ (இதற்கு லாக்டோஸ் உடைப்பதில் பெரிய வேலை இல்லை, பெயர் தெரிந்தால் போதும்). சிப்பிக்குக் கொஞ்சம் முன்னால் கயிற்றில் ஒரு கல், அது ஐ மரபணு. அது செய்யும் ரெப்ரசர் என்ற தடுப்புப் புரதம்தான் சங்கு. சங்கை எடுத்து முடிச்சின் மேல் வையுங்கள். ஒரு பிள்ளை, மரபணுவைப் படித்து ஆர்.என்.ஏ. நகல் எடுக்கும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸாகச் சிப்பியிலிருந்து நடக்கட்டும், சங்கில் முட்டி நின்றுவிடும். இன்னொரு பிள்ளை ஒரு கூழாங்கல்லை (லாக்டோஸிலிருந்து உண்டாகும் அலோலாக்டோஸ்) சங்கின் வாயில் போட்டு அதைத் தூக்கி ஓரமாக வைக்கட்டும், வழி திறந்துவிடும். இங்கேதான் எல்லோரும் தப்புப் பண்ணுவார்கள்: சங்கு உடையவில்லை, வடிவம் மாறி விலகியது, அவ்வளவுதான். கூழாங்கல்லை எடுத்துவிட்டால் மறுபடி வந்து உட்காரும்.

போன வருடம் ஒரு பையன் கேட்டான்: 'சார், சங்கில் ஒட்டுவது அலோலாக்டோஸ் என்கிறீர்கள், அதைச் செய்வது இசட் நொதி, கதவோ மூடியிருக்கிறது, முதல் துளி எப்படி வந்தது?' எனக்கு அன்றைக்கு மனசு நிறைந்துவிட்டது. பதில் இதுதான்: கதவு முழுசாக மூடுவதே இல்லை. சங்கு அவ்வப்போது நழுவும், அந்த இடைவெளியில் கொஞ்சம் பெர்மியேஸும் கொஞ்சம் நொதியும் உண்டாகிவிடும், அது போதும்.

அடுத்து குளுக்கோஸ். இரண்டு சர்க்கரையும் கொடுத்தால் பாக்டீரியா குளுக்கோஸைத்தான் முதலில் தின்னும், கொஞ்சம் நின்று, பிறகு லாக்டோஸுக்கு வரும். பிரெஞ்சு விஞ்ஞானி மோனோ 1941-லேயே இதைக் கவனித்தார். ஜேக்கப்பும் அவரும் 1961-இல் ஓபரானை விளக்கினார்கள், லுவோஃபோடு சேர்ந்து மூவருக்கும் 1965-இல் நோபல் வந்தது. குளுக்கோஸ் குறைந்தால் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சின்ன மூலக்கூறு கூடும், அது கேப் என்ற புரதத்தில் ஒட்டும், கேப் புரமோட்டர் பக்கத்தில் உட்கார்ந்து பாலிமரேஸுக்குக் கைகொடுக்கும். நம்ம ஊர்க் கணக்கில் ரெப்ரசர் என்பது பாம்பனில் ஏற்றும் புயல் கூண்டு, கேப் என்பது கடலுக்குப் போக மீன்வளத்துறை கொடுக்கும் அனுமதி டோக்கன். கூண்டு இறங்கினால் மட்டும் போதாது, டோக்கனும் கைக்கு வர வேண்டும். உவமை முழுக்கப் பொருந்தாது: கரையில் கூண்டு ஏறினாலே டோக்கன் நின்றுவிடும், செல்லில் இவை இரண்டும் தனித்தனிப் புரதங்கள்.

சரி, புரிந்ததா என்று எப்படிப் பார்ப்பது? உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஐ கெட்டுப்போனால்? சங்கே இல்லை, எப்போதும் ஓடும். முடிச்சு கெட்டால்? சங்கு இருக்கும், உட்கார இடம் இல்லை, அப்போதும் ஓடும். இப்போது வேறொரு கயிற்றில் ஒரு நல்ல ஐ மரபணுவைச் செல்லுக்குள் கொடுங்கள். முதலாவது சரியாகிவிடும், இரண்டாவது சரியாகாது. சங்கு எங்கே செய்யப்பட்டாலும் மிதந்து வந்து உட்காரும், முடிச்சு அந்தந்தக் கயிற்றுக்கே சொந்தம். இதைச் சொல்கிற பிள்ளைக்குப் படம் வரையாமலே முழு மதிப்பெண் போடலாம்.

நம் செல்களில் இன்னும் சிக்கல். டி.என்.ஏ. ஹிஸ்டோன் என்ற புரத உருளைகளில் சுற்றிக் கிடக்கும். இறுக்கிச் சுற்றிய இடத்தில் பாலிமரேஸ் நுழையவே முடியாது, மீன்பிடித் தடைக்காலத்தில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கிற மாதிரி. அதன் பிறகும் ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டும்போதும், அழிக்கும்போதும், புரதமாக்கும்போதும் தடுக்கலாம், அதையெல்லாம் பெயரளவில் சொன்னால் போதும்.

இதற்கு உதாரணம் வேண்டுமென்றால் தனுஷ்கோடிக்குக் கூட்டிப்போங்கள், அங்கே கரையேறி முட்டையிடும் பங்குனி ஆமையைச் சொல்லலாம். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது. குளிர்ந்தால் ஆண், சூடானால் பெண். சிவப்புக்காது ஆமை என்ற நன்னீர் வகையில் 2018-இல் ஒரு வழி தெரியவந்தது: குளிர்ந்த முட்டையில் கே.டி.எம்.6பி என்ற மரபணு அதிகம் வேலை செய்து, ஆண் பக்கம் திருப்பும் இன்னொரு மரபணுவின் ஹிஸ்டோனில் இருக்கும் மெத்தில் பூட்டை (மரபணுவை மூடிவைக்கும் வேதிக் குறி) எடுத்துவிடுகிறது. கயிறு, சிப்பி, சங்கு எல்லாம் அதே மணலில் போட்டுக்கொள்ளலாம், கூடு இருக்கிற பக்கம் மட்டும் பிள்ளைகளை ஓடவிடாதீர்கள்.