‘ஸ்டேபிள்’ என்றால் பழுதாகாது என்று அர்த்தமா? டெபியன் மேம்படுத்தலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் வெளியீட்டுக்குச் சூட்டும் ‘ஸ்டேபிள்’ என்ற சொல்லைப் பலரும் ‘பழுதாகாது’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே அதற்கு ‘மாறாது’ என்றுதான் பொருள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இல் பைத்தான் நிரல்மொழியின் 3.11 பதிப்பு இருந்தது, அந்த வெளியீட்டின் ஆயுள் முழுக்க அதே 3.11தான். பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால் திருத்தத்தை மட்டும் பழைய பதிப்பில் ஒட்டித் தருவார்கள். இரண்டு வருடம் போல இப்படிச் சலனமில்லாமல் போகும். அப்புறம் அடுத்த வெளியீட்டுக்கு மாறும் அன்று, தள்ளிப்போட்ட மாற்றமெல்லாம் மொத்தமாக வந்து இறங்கும்.

அதனால் ‘நன்றாகத்தானே ஓடுகிறது, தொடாதே’ என்று விட்டுவிடுவதைத்தான் நான் பெரிய தவறாகச் சொல்வேன். ஒரு வெளியீட்டுக்கு 3 வருடம் முழு ஆதரவு, பிறகு நீண்டகால ஆதரவுக் குழுவின் புண்ணியத்தில் இன்னும் 2 வருடம். அதுவும் முடிந்தபின் விழித்துக்கொண்டால், டெபியன் 10-இலிருந்து 13-க்கு நேராகத் தாவ முடியாது. 11, 12 என்று படிப்படியாகத்தான் ஏற வேண்டும். வலைத்தள நிரல்மொழியான பிஎச்பியை மட்டும் பாருங்கள்: டெபியன் 10 முதல் 13 வரை வரிசையாக 7.3, 7.4, 8.2, 8.4. எண்ணையும் எழுத்தையும் ஒப்பிடும் விதியே 8.0-இல் மாறியது. 0-ம் ‘abc’ போன்ற ஒரு சொல்லும் சமம் என்று 7 சொல்லும், 8 இல்லை என்னும். நிரல் நின்றுபோனால் பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். இது நிற்காமல் ஓடிக்கொண்டே தப்பான விடை தரும்.

நேர் எதிரான தவறு, ஒரே ஒரு புதிய மென்பொருளுக்கு ஆசைப்பட்டு அடுத்த வெளியீடு தயாராகும் ‘டெஸ்டிங்’ மென்பொருள் களஞ்சியத்தை ஸ்டேபிளோடு கலப்பது. அந்த ஒன்று தனக்கு வேண்டிய அடிப்படை நூலகங்களையும் கூடவே இழுத்து வரும். இரண்டுங்கெட்டானாக நிற்கும் அந்த இயந்திரத்துக்கு ‘ஃபிராங்கன்டெபியன்’ என்று பட்டப்பெயரே உண்டு. புதிய பதிப்பு வேண்டும் என்றால் முதலில், புதிய பதிப்புகளை ஸ்டேபிளுக்கு ஏற்றபடி தொகுத்துத் தரும் ‘பேக்போர்ட்ஸ்’ களஞ்சியத்தில் தேடுங்கள்.

நான் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். மென்பொருளை நிறுவும் கருவியான ஆப்ட் படிக்கும் களஞ்சியப் பட்டியலில் ‘புல்ஸ்ஐ’ (டெபியன் 11) என்று பெயரைக் குறிப்பிடாமல் ‘ஸ்டேபிள்’ என்றே எழுதியிருந்தேன். புக்வோர்ம் (டெபியன் 12) வெளியானதும் ஸ்டேபிள் என்ற பெயர் அதற்குப் போய்விட்டது. பெயர் மாறியிருக்கிறது, சம்மதமா என்று ஆப்ட் கேட்கத்தான் செய்தது. பழக்க தோஷத்தில் ‘ஒய்’ தட்டினேன். வழக்கமான புதுப்பித்தல்தானே என்று உட்கார்ந்தேன், இயந்திரம் பாதிப் பழசும் பாதிப் புதுசுமாக நின்றது. இப்போதெல்லாம் பட்டியலில் வெளியீட்டின் பெயரைத்தான் எழுதுகிறேன்.

தரவுத்தளத்தில் பலர் சறுக்குவார்கள். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் டெபியன் 12-இல் 15-ஆம் பதிப்பு, 13-இல் 17. மேம்படுத்தல் முடிந்ததும் தரவு தானாக 17-க்குப் போய்விடும் என்று நினைக்காதீர்கள். பழைய 15 தன் தரவோடு அப்படியே இருக்கும். 17 பக்கத்தில் காலியாக, பெரும்பாலும் 5433 என்ற வேறு இணைப்பு எண்ணில் (போர்ட்டில்) உட்கார்ந்திருக்கும். தரவை நாம்தான் மாற்ற வேண்டும். அதற்குள் ‘பழசு எதற்கு’ என்று 15-ஐத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

சின்ன விஷயங்களும் இருக்கின்றன. தொலைவிலுள்ள கணினியில் எஸ்எஸ்எச் இணைப்பு வழியாக வேலை செய்வதென்றால், இணைப்பு அறுந்தாலும் அமர்வைக் காக்கும் டிமக்ஸ் என்ற கருவிக்குள் இருந்து செய்யுங்கள். நடுவில் நெட் போனாலும் வேலை தொடரும். அமைப்புக் கோப்பைப் புதியதாக மாற்றவா, உங்களுடையதையே வைக்கவா என்ற கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு என்டர் தட்டாதீர்கள். ‘டி’ அழுத்தினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும்.

வெளியீட்டுக் குறிப்புகளை யாரும் படிப்பதில்லை, நீளம் அப்படி. மேம்படுத்தலைப் பற்றிய அத்தியாயத்தையும், தெரிந்த சிக்கல்கள் பற்றிய அத்தியாயத்தையுமாவது படியுங்கள். டெபியன் 13-இல் தற்காலிகக் கோப்புறையான ‘டெம்ப்’ வட்டிலிருந்து நினைவகத்துக்குப் போய்விட்டது, அதிகபட்சம் ராமில் பாதி வரை. பெரிய பேக்கப் கோப்பை அங்கே வைத்துச் சுருக்கும் ஸ்கிரிப்ட் உங்களிடம் இருந்தால், மேம்படுத்திய அன்று எல்லாம் சரியாகத்தான் தெரியும். அந்த ஸ்கிரிப்ட் ஓடும் ராத்திரியில்தான் இடம் போதாமல் விழும்.